ஜீரோ தாத்தாவின் வண்டி

ஒரகடம் ரோட்டில் இருக்கிற அந்த பெட்ரோல் பங்கில் ரகுபதியைத் தெரியாத ஆள் கிடையாது. பெயர் தெரியாது, ஆளைத் தெரியும். வண்டியை நிறுத்தியதும் இறங்கிவிடுவார். மற்றவர்களைப் போல உள்ளே உட்கார்ந்தபடி கண்ணாடியை இறக்கிப் பணத்தை நீட்டுகிற பழக்கம் அவரிடம் இல்லை. மெஷினுக்கு எதிரே போய் நின்று, மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஜீரோ வந்திச்சா? நான் பாத்தப்புறம் போடு" என்பார். ஐந்நூறு, ஆயிரம் என்று முழுசாகப் போடமாட்டார். முழு எண்ணில்தான் மெஷினில் கோல்மால் பண்ணி வைத்திருப்பார்கள் என்பது அவர் எண்ணம். ஐந்நூற்றுப் பதினேழு, அறுநூற்று முப்பத்திரண்டு என்று வாயில் வந்ததைச் சொல்வார். அதுவும் காலையில்தான் போடுவார். வெயில் ஏறினால் பெட்ரோல் உப்பிக்கொள்ளும், அளவு குறையும் என்று எவனோ சொன்னதை அவர் நம்பினார். அவர் நம்பியது அந்த மாதிரி ஒன்றிரண்டுதான். மனுஷர்களை அவர் நம்பியதே கிடையாது. நம்பினவன் எவன் நன்றாக இருக்கிறான்?

பங்கில் வேலை செய்கிற பெண்கள் அவருக்கு ஜீரோ தாத்தா என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவள் இசக்கிசெல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனியில் லைன் வேலைக்கு வந்தவள். காண்ட்ராக்ட் முடிந்து வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று இங்கே சேர்ந்திருந்தாள். பங்குக்குப் பின்னாலேயே பெண்களுக்கு ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கிறவரைக்கும்தான் ரூம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ரகுபதி பென்னலூரிலிருந்து கிளம்பினார். வாலாஜாபாத்தில் இருக்கிற மச்சினி வீட்டுக்குப் பொரியும் சுண்டலும் கொண்டுபோக வேண்டும் என்று அவர் மனைவி ரத்னா இரண்டு நாளாய் நச்சரித்துக்கொண்டிருந்தாள். வழியில் பங்கில் நிறுத்தினார்.

"வாங்க தாத்தா. ஜீரோ வந்துட்டு. நல்லா பாத்துக்கிடுங்க. அப்புறம் கண்ணு தெரியலன்னு சொல்லக் கூடாது" என்றாள் இசக்கிசெல்வி.

"அது இருக்கட்டும். இந்த மழைல உங்க டேங்கு உள்ள தண்ணி பூந்துகீதா?"

"பூமிக்குள்ள இருக்க டேங்குல எப்படிப் பூரும்? காலையில நாந்தான் கம்பி விட்டுப் பாத்தேன். கம்பி நுனியில ஒரு பசை தடவி விடுவோம்லா, தண்ணி பட்டா கலர் மாறிரும். மாறல."

"உன் கம்பி, உன் பசை, நீயே பாத்தே. நல்லா கீது கதை."

"அப்ப அடுத்த தடவ வூட்டுலருந்து ஒரு கம்பி கொண்டாங்க" என்று அவர் பேச்சிலேயே சொல்லிச் சிரித்தாள். ரகுபதி சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் சிரிக்கிறவர்களிடம் அவர் கொஞ்சம் கூடுதலாக ஜாக்கிரதையாக இருப்பார்.

பங்கைத் தாண்டி ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்திருப்பார். வண்டி குலுங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுக்கவில்லை. விக்கல் எடுத்தவன் மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டது. பின்னால் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு ஒரு நீள டிரெய்லர் வந்துகொண்டிருந்தது. அது அடித்த ஹாரனில் ரத்னா மடியிலிருந்த தூக்குவாளியைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னாய்யா ஆச்சு? ஓரம் கட்டுய்யா!"

"கட்டிகினுதானே கீறேன்!"

டிரெய்லர் உரசுகிற மாதிரி போனது. அந்தக் காற்றில் வண்டி ஆடியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. அது இந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கின நாளிலிருந்து நினைத்தபோதெல்லாம் எரிகிற விளக்கு. அதையும் அவர் நம்புவதில்லை.

ஓரத்தில் டீக்கடை. கடைக்காரன் டீயை ஆற்றிக்கொண்டே, "எங்க பெட்ரோல் போட்டீங்க?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்வி போதும். ரகுபதி முகம் மாறிவிட்டது.

"தோ, அங்கதான். இப்பதான்."

"மழைக்கு அப்புறம் போட்டா இப்படித்தான். தண்ணி" என்றான், பக்கத்தில் நின்று டீ குடித்த லாரி டிரைவர். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி ரகுபதியும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்துக்கு எதற்குத் திறக்க வேண்டும்?

"சொன்னேன் பாத்தியா?" என்றார் ரத்னாவிடம்.

"நீ எங்கய்யா சொன்னே? டீக்கடைக்காரர்தானே சொன்னாரு."

"நான் காலைலயே அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன் இல்ல?"

வண்டியைத் திருப்பி, விக்க விக்க பங்குக்கே ஓட்டிவந்தார். ஷிஃப்ட் முடிகிற நேரம். கம்பெனிப் பையன்கள் பைக்குகளோடு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசைக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்து விக்கிறானுங்க! எவனும் போடாதீங்க!"

பங்கு மேனேஜர் ஜனார்தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஓடி வந்தார். "பெரியவரே, பெரியவரே! சத்தம் போடாதீங்க. இன்னா பிரச்சினை, சொல்லுங்க."

"உன் பெட்ரோலைப் போட்டுகினு போனேன். லாரிக்கு அடில போய்ச் சேர்ந்திருப்பேன். அதான் பிரச்சினை."

ஜனார்தன் பெட்ரோலைச் சோதிக்கிற வடிதாள் ஒன்றை எடுத்து வந்தார். குழாயிலிருந்து ஒரு சொட்டு விட்டார். காற்றில் ஆட்டினார். சொட்டு காய்ந்தது, கறை இல்லை. "பாத்தீங்களா? கலப்படம் இருந்தா கறை நிக்கும்."

"பேப்பர் உன்னுது."

சரி என்று கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதில் பெட்ரோல் பிடித்துத் தூக்கிக் காட்டினார். வெயிலில் பளிச்சென்று இருந்தது. அடியில் ஒன்றும் தங்கவில்லை. வரிசையில் நின்ற பையன்களே, "கிளியராத்தானே இருக்கு" என்றார்கள்.

ரகுபதி பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். "தெரியாத மாதிரி கலக்கறதுதான்யா கலப்படம். தெரியற மாதிரி கலக்க நீ இன்னா பால்காரனா?"

பையன்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்ததும் ஜனார்தன் குரல் இறங்கியது. ரகுபதியின் தோளில் கைவைத்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஃபேன் போட்டார். தண்ணீர் கொடுத்தார். ரகுபதி குடிக்கவில்லை.

"பெரியவரே, நம்ம மேல தப்புதான். ஒத்துக்கறேன். காலையில டேங்கு செக் பண்ணது அந்தப் பொண்ணு. சரியா பாக்காம விட்டுடுச்சு. இப்பவே வேலையை விட்டு அனுப்பிடறேன். நீங்க போறப்ப அந்தப் பசங்ககிட்ட ஒரு வார்த்தை, எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போங்க."

கதவருகே நின்ற இசக்கிசெல்வி கேட்டுவிட்டாள். "சார், நான் பாத்தேன் சார். ரெண்டு தடவ கம்பி விட்டேன். கலர் மாறவே இல்ல."

"பேசாத. சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணு."

"ரூமை விட்டுட்டு எங்க சார் போவேன்? ராத்திரி பஸ்ஸப் புடிச்சு ஊருக்குத்தான் போகணும். அங்க போய் என்னன்னு சொல்லுவேன்? தண்ணி கலந்தேன்னா?" அவள் ரகுபதியைப் பார்த்தாள். "தாத்தா, நீங்களாவது சொல்லுங்க. ஒங்களுக்கு ஜீரோ காட்டாம ஒரு நாளாவது போட்டிருக்கேனா?"

"ஜீரோ வேற, தண்ணி வேற" என்று சொல்லிவிட்டு ரகுபதி வெளியே வந்துவிட்டார்.

ஜெயித்துவிட்டார். அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை. வண்டியை நொண்ட நொண்ட ஓட்டிக்கொண்டு மெக்கானிக் சாம்சன் ஷெட்டுக்குப் புறப்பட்டார். டேங்கை இறக்கிக் கழுவிவிட்டால் தீர்ந்தது.

ரத்னா தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு எங்கய்யா போவும்?" என்றாள்.

"மேனேஜரே ஒத்துக்கினான். என்னை இன்னா பண்ணச் சொல்றே?"

"வூட்டாண்ட கிளம்பறப்பவே வண்டி ஒரு தும்மு தும்மிச்சு."

"மழை ஈரம். தும்மும்."

சொல்லிவிட்டாரே தவிர, ஜெயித்த ருசி வாயில் தங்கவில்லை. ஒத்துக்கினான் என்று தான் சொன்ன வார்த்தையே அவருக்கு உறுத்த ஆரம்பித்தது. இந்த ஜனார்தன் யார்? ஒரு தடவை சில்லறை இல்லையென்று மிட்டாயை நீட்டினவன். மிட்டாய் வேண்டாம், சில்லறை கொடு என்றதற்கு எவ்வளவு நேரம் நின்று சண்டை போட்டான்! காற்றடிக்கிற மெஷினில் ரிப்பேர் என்று அட்டை மாட்டி, அட்டையே வெளுத்துப்போய்விட்டது. கேட்டால் நேற்றுதான் கெட்டது என்பான். ஒரு மிட்டாய்க்கு ஒத்துக்கொள்ளாத ஆள், ஒரு டேங்கு பெட்ரோலில் தண்ணீர் என்று ஃபேனைப் போட்டு உட்காரவைத்து ஒத்துக்கொள்கிறான் என்றால்?

இதில் ஏதோ இருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. ஒத்துக்கொண்டவன் மெஷினை நிறுத்தவில்லை. இவர் வெளியே வந்தபோது அதே குழாயில் பையன்களுக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். போட்டவர்கள் எல்லோரும் சர்சர்ரென்று போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பைக்கும் விக்கவில்லை. வழி நெடுக ஓரத்தில் நிற்கிற வண்டி ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றுகூட இல்லை. தண்ணீர் இவர் ஒருத்தர் வண்டிக்குள் மட்டும் தேடிக்கொண்டு வந்ததா?

"ஏமாத்திட்டான்" என்றார்.

"யாரு?"

"ஒத்துக்கினானே, அவன்."

சாம்சன் ஷெட்டுக்குள் வண்டி நுழைகிற சத்தத்தைக் கேட்டே சொன்னான். "இன்னா பெருசு, கெட்ட பெட்ரோலா? வீடியோ வந்திடுச்சு. நீ சவுண்டு விட்டதை இப்பதான் பாத்தேன். இரு, டேங்கை இறக்கிடறேன்."

"டேங்கு இருக்கட்டும். மொதல்ல பானட்டைத் தொற. என் கண்ணு முன்னாடி தொற."

சாம்சன் பானட்டைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றான்.

இன்ஜினுக்கு மேலே ஒரு வாழையிலை வதங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி, பேட்டரி ஓரத்தில், குழாய் இடுக்குகளில், எங்கே பார்த்தாலும் பொரி. நடுநடுவே கறுப்பாக எலிப் புழுக்கை. பேட்டரி தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தது வைத்தபடி இருந்தது. பக்கத்தில் போகிற மெல்லிய ஒயர் ஒன்று கடிபட்டு, செம்பு நூல் நூலாகத் துருத்திக்கொண்டு தொங்கியது.

"மூணு சிலிண்டர்ல ஒண்ணுக்குப் போற ஒயரு இது" என்றான் சாம்சன். "ஒரு நூல்ல ஒட்டிகினு இருந்திருக்கும். ரோட்டுல குலுங்கினதும் புட்டுகிச்சு. மீதி ரெண்டை வச்சிகினுதான் நீ லாரிக்கு முன்னாடி ஓட்டினே." பிறகு அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இன்னா பெருசு இது, பூஜை வண்டிக்கா எலிக்கா?"

ரகுபதி ஒயரைக் குனிந்து பார்த்தார். ரத்னா பேசினாள்.

"வண்டிக்கு முன்னாடி இலை போட்டுப் படைய்யான்னு சொன்னேன். ஊரே அப்படித்தானே படைக்குது! வெளில வச்சா மேல் போர்ஷன் பசங்க தின்னுட்டுப் போயிடுவானுங்கன்னு உள்ள வச்சு மூடினாரு. எடுத்துட்டியான்னு கேட்டதுக்கு எடுத்துட்டேன்னு வேற சொன்னாரு."

அவர் எடுக்கவில்லை. பூஜை அன்றைக்கு மழை தூறியது, அப்புறம் எடுக்கலாம் என்று வீட்டுக்குள் போனவர்தான். பானட்டைப் பூட்டியாகிவிட்டது, இனி எவன் கைவைப்பான் என்ற தைரியத்தில் மறந்தே போனார். வெளியே மழை. உள்ளே கதகதப்பு, பொரி, கடலை, வெல்லம். எலி வேறு எங்கே போகும்?

சாம்சன் ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, இலையையும் பொரியையும் வாரிப் போட்டான். ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். வண்டி ஒரு தும்மல் இல்லாமல் ஓடியது. மஞ்சள் விளக்குகூட அணைந்துவிட்டது. ரகுபதி கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தை நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு எதையாவது கழற்றி மாட்டினானா என்று கேட்கலாமா என்று நினைத்து, ரத்னா முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

"டேங்கு இறக்க வேணாமா பெருசு?"

"நக்கல் பண்ணாத."

மச்சினி வீட்டுக்குப் போகிற வழியில் திரும்பாமல் வண்டி மறுபடி பங்குப் பக்கம் திரும்பியது.

இசக்கிசெல்வி பங்கின் ஓரத்தில், அந்தக் கெட்டுப்போன காற்று மெஷின் பக்கத்தில், கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம் இல்லை. மடியில் ஒரு துணிப்பை, காலடியில் ஒரு பக்கெட், பக்கெட்டுக்குள் தலையணை. ரகுபதியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரகுபதி அவளிடம் போகவில்லை. அவளிடம் போய் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சண்டை போடத் தெரியும். அதனால் ஜனார்தனிடம் போனார். ஜனார்தன் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"மறுபடி இன்னாங்க பெரியவரே? அதான் அந்தப் பொண்ணை அனுப்பிட்டேனே."

"அதைத்தான் கேக்க வந்தேன். உன் டேங்குல தண்ணி கீதா, இல்லையா? ஒண்ணு சொல்லு."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னா, தண்ணியா?" என்றான் ஒருவன், அப்போதுதான் போட்டு முடித்தவன்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்றார் ஜனார்தன். "சுத்தமான பெட்ரோல்."

"அப்ப அந்தப் பொண்ணை இன்னாத்துக்கு அனுப்பினே? கீதுன்னா மெஷினை நிறுத்து, இவங்க எல்லாருக்கும் பதில் சொல்லு. இல்லைன்னா அவளைக் கூப்பிடு."

"நீங்கதானே வந்து சத்தம் போட்டீங்க!"

"நான் போட்டேன். நான் சொன்னா உடனே ஒத்துக்குவியா? உன் வூடு என்னுதுன்னு சொன்னா சாவியைக் குடுத்துடுவியா? ஒரு மிட்டாய்க்கு என்கூட எவ்ளோ நேரம் மல்லு கட்டினே, இதுக்கு ஏன்யா கட்டலே?"

நாலைந்து செல்போன்கள் மேலே ஏறியிருந்தன. ஜனார்தன் காற்று மெஷின் பக்கம் திரும்பி, "இந்தாம்மா, செல்வி! போய் யூனிஃபார்மை மாட்டிகினு வா" என்றார். பிறகு மனசு கேட்காமல், "அப்ப உங்க வண்டிக்கு இன்னாதான் பெரியவரே ஆச்சு?" என்று கேட்டார்.

இதை ரகுபதி எதிர்பார்க்கவில்லை. காரைப் பார்த்தார். உள்ளே ரத்னா நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலி" என்றார் வாய்க்குள்.

இசக்கிசெல்வி எழுந்து வந்திருந்தாள். கையில் பக்கெட்டோடு இரண்டு அடி தள்ளி நின்றாள். "காலையில ஊருக்கே கேக்க மாதிரி சொன்னீயளே தாத்தா. இப்ப எனக்கே கேக்கல."

"எலி கடிச்சிடுச்சு. ஒயரை. நான் வச்ச பொரிக்கு வந்த எலி. போதுமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. செல்போன்கள் எடுத்துக்கொண்டே இருந்தன. ரகுபதி காது சிவந்து போய் நின்றார். அவள் சிரிக்கவில்லை. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ரூமுக்குப் போனாள். திரும்பி வந்தபோது யூனிஃபார்ம் போட்டிருந்தாள். கண்ணைக் கழுவியிருந்தாள். கண் ஓரம் இன்னும் சிவப்பாக இருந்தது.

ரகுபதி வண்டியைக் கொண்டுவந்து அவள் மெஷினுக்கு நேராக நிறுத்தினார். டேங்கில் காலையில் போட்டதே கிடந்தது. போட வேண்டிய அவசியமே இல்லை.

"நூத்தி நாப்பத்தி மூணுக்குப் போடு" என்றார்.

"மொதல்ல பானட்டத் தொறங்க."

"இன்னாத்துக்கு?"

"நான் பாக்கணும். நான் பாத்ததுக்கு அப்புறந்தான் போடுவேன்."

பின்னால் பைக்குகள் ஹாரன் அடித்தன. ரகுபதி சுற்றிலும் பார்த்தார். ஜனார்தன் வேறு எங்கோ பார்த்தார். பானட் லீவரை இழுத்துவிட்டார்.

அவள் பானட்டைத் தூக்கி நிறுத்தி நிதானமாகக் குனிந்தாள். பேட்டரியைப் பார்த்தாள், டேப் சுற்றின ஒயரைப் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். சாம்சன் கண்ணுக்குத் தப்பின ஒரே ஒரு பொரி ஏதோ இடுக்கில் இருந்திருக்கிறது. விரலை விட்டு எடுத்தாள். கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பானட்டைச் சாத்தி, சரியாக விழுந்ததா என்று ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு மெஷினுக்குப் போனாள்.

"ஜீரோ வந்துட்டு" என்றாள்.

ரகுபதிக்கு இன்றைக்கு ஒரு நாள் பார்க்காமல் விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பொரியை மூடின கையோடு நின்றார். முடியவில்லை. வேட்டி நுனியை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெஷினுக்கு எதிரே போய் நின்று பார்த்தார்.

"சரி, போடு" என்றார்.